சிறிய டர்போ என்ஜினில் ஆயில் அதிகமாகக் குறைகிறது: பிரிக்காமல் காரணத்தை அறிய முடியுமா?

கேள்வி

எனது காரில் இருப்பது நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் 1.2 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் அனுப்பும் கருவி) என்ஜின். சில மாதங்களாக 1000 கி.மீ.க்கு ஏறத்தாழ அரை லிட்டர் ஆயில் குறைகிறது. வண்டிக்கு அடியில் கசிவு இல்லை; சைலன்சரில் நீலப் புகையும் தெரியவில்லை. சர்வீஸ் மையத்தில் இது அனுமதிக்கப்பட்ட அளவுதான் என்கிறார்கள். அதை நம்பி ஓட்டலாமா? கோளாறு டர்போவிலா, பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங்கிலா என்பதை என்ஜினைப் பிரிக்காமல் அறிய வழி உண்டா?

மறுமொழி 1

1000 கி.மீ.க்கு 0.5 லிட்டர் வரை ஏற்கத்தக்கது எனச் சில தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே எழுதியிருப்பது உண்மை. ஆனால் அது உத்தரவாதத்துக்கான எல்லைக்கோடே தவிர, நல்ல நிலையில் உள்ள என்ஜினின் அடையாளம் அன்று. ஆயில் மட்டத்தை அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே பொதுவாக ஒரு லிட்டர்தான் இருக்கும் என்பதால், இந்த வேகத்தில் 2000 கி.மீ.க்குள் கீழ்க் கோட்டைத் தொட்டுவிடுவீர்கள். நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகள் வரை சுழலக்கூடிய டர்போவின் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மீதே மிதக்கிறது. ஆயில் குறைந்தால் முதலில் அடிபடுவது அதுவாகவே இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, என்ஜினின் அடியறையில் சேரும் ஆவியை மீண்டும் எரிவதற்கு அனுப்பும் பிசிவி வால்வு. அதன் ரப்பர் சவ்வு கிழிந்தால் ஆயில் ஆவி தடையின்றி உறிஞ்சப்பட்டு எரிந்துவிடும். என்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது விசில் போன்ற ஒலி கேட்டாலோ, ஆயில் மூடி திறக்க முடியாதபடி உள்ளே இழுபட்டாலோ அதைச் சந்தேகிக்கலாம். மற்ற பழுதுகளோடு ஒப்பிட்டால் இதைச் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு.

டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் ஆயில் பிசுபிசுப்பைக் கண்டவுடன் டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். டர்போ அழுத்தம் தரும் நேரத்தில் கிராங்க் அறையின் (என்ஜினின் அடியறை) ஆவி டர்போவுக்கு முன்புள்ள குழாய் வழியாகவே உள்ளே செல்வதால், ஓரளவு ஈரம் இயல்பானது. டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் கரியால் அடைபட்டிருந்தால், நல்ல டர்போவும் ஆயிலைக் கக்கும்.

இவை சரியாக இருந்தால் பெரும்பாலும் ரிங்குகள்தான் காரணம். உராய்வைக் குறைப்பதற்காக இழுவிசை குறைந்த ரிங்குகளையும் மெல்லிய ஆயிலையும் பயன்படுத்துவதோடு, 3 முதல் 4 லிட்டர் ஆயிலைக் கடும் வெப்பத்தில் மாற்றாமல் நீண்ட தூரம் ஓட விடுவதால், சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலை வழித்தெடுக்கும் ஆயில் ரிங்கின் பின்னாலுள்ள துளைகள் கரியால் அடைபட்டு ரிங் ஒட்டிக்கொள்கிறது. ஆயில் ரிங் ஒட்டியிருந்தாலும் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை நல்ல அளவையே காட்டக்கூடும். எனவே அந்த அளவைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப இடம் கொடுக்காதீர்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமராவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்டன் தலையின் விளிம்பு ஆயிலால் கழுவப்பட்டதுபோல் இருந்தால் ஐயம் பெரும்பாலும் உறுதியாகும்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். குறுகிய தூரமே ஓடும் நேரடித் தெளிப்பு என்ஜினில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து, உண்மையான குறைவை மறைத்துவிடும். பிறகு ஒரு நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் அந்தப் பெட்ரோல் ஆவியானதும் மட்டம் திடீரென இறங்கும். ஆகவே சமதளத்தில், என்ஜின் சூடாகி நிறுத்திய சில நிமிடங்களுக்குப் பின், ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அளந்து எழுதி வையுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் உத்தரவாதக் கோரிக்கை நிற்காது.

உங்கள் என்ஜினின் டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்கச் செய்யும் பட்டை) ஆயிலில் நனைந்து ஓடும் வகையா என்பதையும் கேட்டறியுங்கள். அவ்வகை பெல்ட் சிதைந்தால் துகள்கள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்துவிடும். பியூஜோ, சிட்ரோன் கார்களைத் தயாரிக்கும் ஸ்டெல்லான்டிஸ் நிறுவனம் 2024இல் தனது ப்யூர்டெக் என்ஜின்களுக்கு ஐரோப்பாவில் 10 ஆண்டு அல்லது 1,75,000 கி.மீ. வரை பாதுகாப்பை நீட்டித்தபோது, பெல்ட் சிதைவோடு அதிக ஆயில் செலவையும் அதில் சேர்த்தது. உங்கள் என்ஜினுக்கும் இதுபோன்ற அறிவிப்பு இருக்கிறதா எனத் தேடிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கேமரா சோதனையை எழுத்துமூலம் கேட்கப் போகிறேன். அதுவரை கெட்டியான ஆயில் ஊற்றினால் தாங்குமா?

மறுமொழி 1

கையேட்டில் மாற்றாக அனுமதிக்கப்பட்ட கெட்டித்தன்மை இருந்தால் மட்டும் அதற்கு மாறலாம்; ஆயில் இழப்பு ஓரளவு குறையும், ஆனால் ஒட்டிய ரிங் விடுபடாது. ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஆயில் தரக் குறியீடு) தரமுள்ள ஆயிலையே வாங்குங்கள். 2020இல் வந்த அந்தத் தரத்தில், குறைந்த வேகத்தில் கலவை முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் கோளாறுக்கு எதிரான சோதனை உண்டு. சிலிண்டருக்குள் நுழையும் ஆயில் துளிகளே அக்கோளாறைத் தூண்டக்கூடும் என்பதால், ஆயில் குடிக்கும் என்ஜினுக்கு இது மிகவும் தேவை. தாழ்ந்த சுற்றில் உயர் கியரில் அழுத்தி ஓட்டுவதையும் தவிருங்கள். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறையுங்கள். வாரந்தோறும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.