நம்ம எம்.பி பாராளுமன்றத்தில் உண்மையில் என்ன பேசினார் என்று எங்கே பார்ப்பது?

நோர்வூட்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன், அம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறார். போன கிழமை கோயில் கூட்டத்தில் எங்கள் மாவட்ட எம்.பி ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்து பெரிய வாக்குவாதமாகிவிட்டது. ஒரு பக்கம் "நமக்காக அவரைப் போல யாரும் பேசினதில்லை" என்றார்கள், மற்றப் பக்கம் "அங்கே போய் வாயே திறக்கவில்லை" என்றார்கள். இரண்டு பக்கமும் ஆதாரமாகக் காட்டியது பேஸ்புக்கில் வந்த ஒன்றரை நிமிட வீடியோதான், அதிலும் பாதி நேரம் பாட்டு.

எனக்கு இது சும்மா விஷயம் இல்லை. எங்கள் வரிசையில் 7 பேர்ச் காணியில் வீடு கட்டித் தந்தார்கள், லயத்தை (பழைய வரிசை அறைகளை) விட்டு வெளியே வந்தோம், சந்தோஷம். ஆனால் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இன்னும் கையில் இல்லை. அந்த எம்.பி இதைப் பற்றிப் பாராளுமன்றத்தில் கேட்டார் என்கிறார்கள். என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார், அதை நானே வாசிக்க முடியுமா?

கொட்டகலை டீச்சர்:
முடியும் தம்பி. சபையில் பேசுவது எல்லாம் சொல்லுக்குச் சொல் ஹன்சாட் என்கிற அதிகாரபூர்வ அறிக்கையில் வரும், பாராளுமன்ற இணையத்தளத்தில் அமர்வுத் திகதிப்படி போட்டிருப்பார்கள். முதலில் வருவதன் அட்டையில் 'பிழை திருத்தப்படாதது' என்று இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விஷயம் அதில் இருக்கும்.

ஆனால் பேச்சை மட்டும் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள். நான் வகுப்பில் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் ஒரு எம்.பிக்குக் கட்சி பிரித்துக் கொடுப்பது சில நிமிடம்தான், அதற்குள் சம்பளம், வீடு, பாதை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு உட்கார வேண்டும். அமைச்சர் அதற்குப் பதில் சொன்னாலும் சொல்வார், சொல்லாமலும் விடுவார். வாய்மூல விடைக்கான வினா அப்படி இல்லை. அதை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கிறார்கள், (அ), (ஆ) என்று பிரித்து, எத்தனை குடும்பம், எந்தத் தோட்டம், எந்தத் திகதிக்குள் என்று கேட்டு, கடைசியில் 'இன்றேல், ஏன்?' என்று முடிப்பார்கள். அந்த இரண்டு சொல்லுக்கும் அமைச்சர் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும், அவர் சொன்னது அச்சில் நிற்கும். பதில் போதாவிட்டால் எம்.பி அங்கேயே எழுந்து மேலதிக வினா கேட்கலாம். கேட்டாரா, இல்லை நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டாரா என்று பாருங்கள். எனக்கு ஒரு எம்.பியை அளக்கும் இடம் அதுதான்.

இன்னொன்று. ஹன்சாட்டில் மொழிபெயர்ப்பு கிடையாது. யார் எந்த மொழியில் பேசினாரோ அதே மொழியில்தான் அச்சாகும். தமிழில் கேட்ட கேள்விக்குச் சிங்களத்தில் பதில் வந்திருந்தால் அப்படியே சிங்களத்தில்தான் இருக்கும்.

பசறை 67:
டீச்சர் சொல்வது சரிதான், ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் பக்கம் பேசாத எம்.பியா இருந்தார்கள்? நல்லாப் பேசினார்கள். எங்கள் லயத்துக் கூரைத் தகரம் மட்டும் மாறவில்லை. நான் 30 வருஷம் தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்தவன், பேச்சால் ஒரு நாள் சம்பளம் கூடினதை நான் பார்க்கவில்லை, வேலைநிறுத்தத்தால் கூடினதைப் பார்த்திருக்கிறேன். அதனால் தம்பி, ஹன்சாட்டை வாசியுங்கள், ஆனால் நன்றாகப் பேசினார் என்பதற்காக மட்டும் ஒரு ஆளுக்கு வாக்குப் போட்டுவிடாதீர்கள்.

லிந்துலை ஐயா:
பசறை தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பேசுவதற்கு ஆளே இல்லாமல் போன காலத்தை நினைத்துப் பாருங்கள்.

1947 தேர்தலில் நம் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் ராஜலிங்கம், கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா, பதுளையில் சுப்பையா, அலுத்நுவரவில் ராமானுஜம். அடுத்த வருஷமே, நம் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் செய்த பிரஜாவுரிமைச் சட்டமூலம் வந்தது. அவர்கள் எதிர்த்தார்கள், இடதுசாரிகளும் எதிர்த்தார்கள், அவர்களின் தலைவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா கடுமையாகப் பேசினார். எண்ணிக்கையில் தோற்றார்கள், 1948 நவம்பர் 15ல் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1949ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி நம் ஆட்களின் வாக்கை எடுத்தார்கள். 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து அந்த ஏழில் ஒன்றுகூட இல்லை. பிறகு தொண்டமான் 1960ல் நியமன உறுப்பினராகத்தான் உள்ளே போனார். மக்கள் வாக்கால் மறுபடி போனது 1977ல், நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாவது உறுப்பினராக. முப்பது வருஷம்! அந்த முப்பது வருஷத்துக்குள்தான் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள். எங்கள் குடும்பத்திலும் சித்தப்பா வீடு போனது, நாங்கள் நின்றோம். ஸ்டேஷனில் பாட்டி அழுத சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த 1948 விவாதத்தை முடிந்தால் வாசியுங்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தோற்றவர்கள் பேசியது இன்றைக்கும் அங்கே பதிவில் இருக்கிறது. அதனால் என்ன பலன் என்று கேட்டால், பிரஜாவுரிமை இல்லாமல் மிஞ்சியிருந்தவர்களுக்காக 2003ல் சட்டம் வந்தபோது, இந்த அநியாயம் எங்கே தொடங்கியது என்பதற்கு ஆதாரம் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை.

கொட்டகலை டீச்சர்:
ஐயா, நன்றி. பசறை அண்ணனுக்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். 1987ல் வந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க விடாமல் தடுத்தது. நாம் வாக்குப் போட்டு உறுப்பினரைத் தெரிவு செய்வோம், அவரால் நம் லயத்துக்குப் போகிற பாதைக்கு ஒரு லோட் கல் போட முடியாது. அதைத் திருத்தியது 2018ல். இத்தனை வருஷம் எடுத்தது வெட்கமான விஷயம்தான், ஆனால் அந்தத் திருத்தத்தைப் பிரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) நின்று செய்ய முடியாது, பாராளுமன்றத்தில்தான் செய்ய வேண்டியிருந்தது. வெளியே போராட்டமும் வேண்டும், உள்ளே சட்டம் தெரிந்து பேசுகிற ஆளும் வேண்டும்.

பசறை 67:
33ஆம் பிரிவு எனக்குத் தெரியாது டீச்சர். எங்கள் சபை உறுப்பினர் "காசு இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. சரி, அப்படியென்றால் 2018க்குப் பிறகு எங்கள் பாதைக்கு என்ன ஒதுக்கினார்கள் என்று நான் போய்க் கேட்கலாம் இல்லையா?

கொட்டகலை டீச்சர்:
கட்டாயம் கேட்கலாம் அண்ணே. வாயால் கேட்டு வராதீர்கள், எழுத்தில் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைக்கும் பொருந்தும். தமிழிலேயே எழுதலாம்.

நோர்வூட்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மூன்று இரவு உட்கார்ந்து தேடினேன், போனில் பெரிய கோப்பு இறங்க நேரம் எடுக்கிறது, சிக்னலும் மேட்டுக்குப் போனால்தான் வருகிறது. அவர் கேட்ட வினா கிடைத்துவிட்டது. வீட்டு உறுதி பற்றித்தான், நம் மாவட்டத்தைச் சொல்லியே கேட்டிருக்கிறார், நல்ல கேள்வி. அதனால் 'வாயே திறக்கவில்லை' என்றது பொய். பதில் சிங்களத்தில் இருக்கிறது, கூடவே ஒரு அட்டவணை சபையில் சமர்ப்பிக்கப்பட்டது என்று தெரிகிறது. அவர் மேலதிக வினா கேட்கவில்லை. எனக்குச் சிங்களம் பேச வரும், இவ்வளவு கடினமான எழுத்துச் சிங்களம் வாசிக்க வராது. அந்த இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினால் யாராவது தமிழில் சொல்ல முடியுமா? வருகிற ஞாயிறு கோயில் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும்.

லிந்துலை ஐயா:
அனுப்புங்கள் தம்பி, என் மகள் வாசிப்பாள். அந்த அட்டவணையில் உங்கள் தோட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.