இதய வால்வில் வரும் குருதிப்பை (blood cyst): தமிழில் ‘குருதிமுத்து’ என்று பெயர் வைக்கலாமா? குழுவில் வந்த மறுமொழிகளுக்கு என் பதில்:

//‘இரத்தக் கட்டி’ என்றே சொல்லலாம், எல்லோருக்கும் புரியும்.//

ஐயா, புரியும். ஆனால் வேறொன்றாகப் புரியும் என்பதுதான் என் கவலை. அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டினாலும், நாளத்துக்குள் உறைந்து அடைத்தாலும் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறோம். இங்கே நடப்பது அதுவன்று. பச்சிளங்குழந்தையின் ஈரிதழ், மூவிதழ் வால்வுகளில், இதழ்கள் பொருந்தி மூடும் விளிம்பை ஒட்டி, மெல்லிய சவ்வுக்குள் சிறிது குருதி தங்கிவிடுகிறது. கருவில் இதயம் உருவாகும்போது இதழின் நுண்பிளவுக்குள் குருதி புகுந்து, பிளவின் வாய் மூடிக்கொண்டதால் வந்தது என்பது ஒரு விளக்கம்.

‘கட்டி’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழந்தைகளின் இதயத்தில் மிகுதியாகக் காணப்படும் கட்டி ராப்டோமயோமா. அது திசு பெருகி வரும் உண்மையான தசைக்கட்டி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், எக்கோ (இதய ஸ்கேன்) அறையில் நிற்கும் தாய் எதை நினைத்து அஞ்சுவாள்?

//சினைப்பை நீர்க்கட்டி போல, ‘குருதி நீர்க்கட்டி’.//

அம்மா, சினைப்பைக்கு அது பொருந்தி வழக்கில் ஊன்றியும் விட்டது. உள்ளே இருப்பது குருதி என்றான பின் ‘நீர்’ எதற்கு?

என் முன்மொழிவு ‘குருதிமுத்து’. அம்மை கண்டால் உடம்பில் எழும் சிறு கொப்புளத்தை முத்து என்கிறோம். அது வற்றினால் ‘முத்து இறங்கிவிட்டது’ என்கிறோம். உருண்டை வடிவம், மெல்லிய தோல், உள்ளே திரவம், தானே வற்றும் இயல்பு, இவ்வளவும் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கின்றன. எல்சாசர் என்ற மருத்துவர் 1844இல் விவரித்த இந்தப் பைகளும் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுதான். குழந்தை வளர வளர மறைகின்றன. பெரியவர்களிடம் அரிதாகவே காணப்படுவது அதனால்தான்.

சில நேரம் பெரிதாகி, குருதி வெளியேறும் பாதையை அடைப்பதும் உண்டு. அப்போது அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். ‘முத்து’ அந்த ஆபத்தை மறைத்துவிடுமோ என்று யோசித்துப் பார்த்தேன். மறைக்காது. அம்மை முத்தை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

‘வால்வு’ அப்படியே இருக்கட்டும். மக்கள் நாவில் பழகிவிட்டது. மருத்துவக் குறிப்பில் இப்படி வரும்:

“மூவிதழ் வால்வில் 3 மி.மீ. குருதிமுத்து. அடைப்பு இல்லை. மூன்று மாதம் கழித்து மீண்டும் எக்கோ.”

குழுவில் உள்ள குழந்தை மருத்துவர்கள் இதை ஒரு பெற்றோரிடம் சொல்வதாக நினைத்து, வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.