எம்.பி.எச். படிப்பில் மனித உரிமைத் தாள் வெட்டியா? ராயபுரத்தாருக்குப் பதில்

தேன்மொழி:
நேற்று கொசு ஒழிப்பு இழையில் ராயபுரத்தார் போகிற போக்கில் எழுதியது இது: "பொது சுகாதார முதுகலையில் (எம்.பி.எச்.) மனித உரிமைக்கு ஒரு தாள் வைப்பது வெட்டி வேலை. கொள்ளைநோய் வந்தால் கதவைப் பூட்டத் தெரிந்தவன்தான் சுகாதார அதிகாரி." அதற்குப் பதினாறு பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் தனி இழை.

நான் அந்தத் தாளைப் படித்தவள். முதல் வகுப்பில் கோவாவில் நடந்ததைச் சொன்னார்கள். டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்த தானம் செய்தார். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. 1989 பிப்ரவரியில் போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பழைய காசநோய் சானடோரியத்தில் அடைத்தது. 64 நாள். கோவாவின் பொது சுகாதாரச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. எச்.ஐ.வி. காற்றில் பரவாது, தொட்டாலும் பரவாது என்பது அப்போதே தெரிந்த விஷயம். அடைத்தவர்களுக்குக் கதவைப் பூட்ட நன்றாகத் தெரிந்திருந்தது.

ராயபுரத்தான்:
இழை திறந்ததற்கு நன்றிம்மா. 31 வருஷம் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். 1992ல் மெட்ராஸில் ஓ139 என்ற புதுவகைக் காலரா வந்தபோது நான் தெருவில் நின்றேன். ஒரு தோளில் பிளீச்சிங் பவுடர் சாக்கு, கையில் குளோரின் பார்க்கிற குழாய். எந்தத் தாளும் படிக்கவில்லை.

நீங்கள் சொன்ன கதைக்கு வருகிறேன். சானடோரியம் என்றால் ஆஸ்பத்திரி. அதைச் "சிறை" என்பது போல எழுதுவது நியாயம் இல்லை. அவருடைய அம்மா தொடுத்த வழக்கில் பம்பாய் ஹைகோர்ட்டே அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அதை ஏன் எழுதவில்லை?

தேன்மொழி:
ஆஸ்பத்திரி என்றால் டாக்டர் வருவார், மருந்து தருவார், வீட்டுக்கு அனுப்புவார். இங்கே வாசலில் நின்றது போலீஸ் காவல். 64 நாள், சார். அது எந்த வைத்தியத்துக்கு? தீர்ப்பை நான் மறைக்கவில்லை. கோர்ட் செல்லும் என்று சொன்னதால்தான் இந்தத் தாள் வேண்டும் என்கிறேன். சட்டம் கையில் இருந்தாலும் அதை எப்போது எடுக்கக் கூடாது என்பது சட்டப் புத்தகத்தில் இருக்காது. 1984ல் சிசிலித் தீவின் சிராகூசா நகரில் வகுத்த நெறிகள் அதைத்தான் பேசுகின்றன. உரிமையைக் கட்டுப்படுத்துவதென்றால் சட்டப்படி இருக்க வேண்டும், உண்மையிலேயே தேவைப்பட வேண்டும், அதைவிடக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வேறு வழி இருக்கக் கூடாது. கோவாவில் குறைவான வழி இருந்ததா இல்லையா? சொல்லுங்கள்.

குழித்துறைப் பயணி:
ஒரு நிமிஷம். முதலில் "பொது சுகாதாரம்" என்று எதைச் சொல்கிறோம்? குடிநீரும் சாக்கடையுமா, மருத்துவமா? "மனித உரிமை" என்றால் 1948 ஐ.நா. பிரகடனமா, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்புத் தரும் நம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவா? இதை வரையறுத்துவிட்டுப் பேசினால் நல்லது.

ராயபுரத்தான்:
சானடோரியம் சிறை இல்லை. இன்னொரு தடவை சொல்கிறேன், சிறை இல்லை. உங்கள் வகுப்பில் டைபாய்டு மேரியைப் பற்றிச் சொன்னார்களா? நியூயார்க் சமையற்காரி, தனக்கு நோய் தெரியாமல் டைபாய்டு கிருமியைச் சுமந்தவள். 1907ல் பிடித்துத் தீவில் வைத்தார்கள். இனி சமைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததால் 1910ல் விட்டார்கள். 1915ல் எங்கே கிடைத்தாள்? ஒரு பிரசவ ஆஸ்பத்திரி அடுக்களையில், வேறு பெயரில். 25 பேருக்குக் காய்ச்சல், 2 பேர் செத்தார்கள். அந்த 2 பேருக்கு உரிமை இல்லையா?

டாக்டர் மருது:
ராயபுரத்தார் சொல்வது சரி. என் பங்குக்கு ஒன்று. பிரச்சினை தாளில் இல்லை. எம்.பி.பி.எஸ். படிக்காதவர்களையெல்லாம் எம்.பி.எச்.சில் சேர்க்கிறார்களே, அங்கேதான். நோயாளியைத் தொட்டுப் பார்க்காதவர்கள் உரிமை பற்றிப் பேசுவது சுலபம்.

தேன்மொழி:
டாக்டர், நான் பி.எஸ்சி. நர்சிங். ஆறு வருஷம் வார்டில் இருந்தேன். நீங்கள் தொட்டதைவிட அதிகம் தொட்டிருக்கிறேன்.

மேரிக்கு வருகிறேன், சார். முழுதாகச் சொல்லுங்கள். நோய் தெரியாமல் கிருமியைச் சுமந்தவர்கள் நியூயார்க்கில் நூற்றுக்கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டார்கள். 1938ல் சாகும்வரை தீவில் கிடந்தது அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த அந்த ஒருத்தி. சமைக்காதே என்று சொல்லி வெளியே விட்டார்களே, சமையலைத் தவிர வேறு நல்ல சம்பளம் தெரியாதவள் என்ன செய்வாள் என்று எத்தனை பேர் யோசித்தார்கள்? இதைக் கேட்கப் பழக்குவதுதான் அந்தத் தாள். 2 பேர் செத்தது எனக்கும் வலிக்கிறது. ஆனால் டொமினிக் யாருக்கும் சமைத்துப் போடவில்லை. ரத்தம் கொடுத்தார். 64 நாள்.

ராயபுரத்தான்:
64, 64 என்று எத்தனை தடவை? போன வருஷம் அயோடின் உப்பு இழையிலும் இதே மாதிரி ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டீர்கள்.

தேன்மொழி:
அயோடின் இழையில் நான் சொன்னதுதான் சரி. அதற்கு நீங்கள் இன்றுவரை பதில் எழுதவில்லை. போகட்டும்.

இந்த மனித உரிமைத் தாள் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எல்லோரும் பேசுகிறார்கள், அதனால் எழுதுகிறேன். ஜொனாதன் மான் உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் திட்டத்தை 1986லிருந்து 1990 வரை நடத்தியவர். கிருமியைவிட வேகமாக ஒதுக்கிவைத்தல் பரவுவதைப் பார்த்தவர். பூட்டினால் மக்கள் பரிசோதனைக்கே வர மாட்டார்கள், நோய் மறைந்துகொண்டு பரவும் என்பது அவர் களத்தில் கற்ற கணக்கு. 1993ல் ஹார்வர்டில் சுகாதாரத்துக்கும் மனித உரிமைக்கும் என்றே ஒரு மையம் தொடங்கியது. அவர் அதன் முதல் இயக்குநர். அங்கே பொது சுகாதாரம் படித்து முடித்தவர்களுக்குப் பட்டத்தோடு 1948 பிரகடனத்தின் பிரதியையும் கையில் கொடுத்தார்கள். 1998ல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார்.

நம் ஊருக்கே வருகிறேன். 1986ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று மெட்ராஸில்தான் தெரிந்தது. பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, ஒரு முதுகலை மாணவி தன் ஆய்வேட்டுக்காக எடுத்த ரத்தம் அது. கொடுத்தவர்கள் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள். எதற்கான சோதனை என்று அவர்களிடம் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து அந்த மாணவியே அதை ஒளிக்காமல் பேட்டியில் சொன்னார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் முதுகலை மாணவருக்கு அன்றைக்கு யாராவது இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்களா?

டாக்டர் மருது:
அருமை. காலில் செருப்புத் தேயக் காப்பகம் காப்பகமாக அலைந்து, நாட்டுக்கே பெரிய எச்சரிக்கை கொடுத்த பெண்ணைக் குறை சொல்லத்தான் உங்கள் தாளா? அவர் தயங்கி நின்றிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்?

தேன்மொழி:
குறை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். திரும்பப் படியுங்கள்.

டாக்டர் மருது:
படித்தேன். "ஆனால்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

சட்டக்கல்லூரி மூன்றாமாண்டு:
அக்கா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். 2017ல் எச்.ஐ.வி. சட்டம் வந்து 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது, நிலையை வெளியே சொல்லக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆக, கோவாவில் நடந்தது தப்பு என்று நாடாளுமன்றமே...

ராயபுரத்தான்:
தம்பி, 2017 சட்டத்தை வைத்து 1989ஐ அளக்கக் கூடாது. சட்டக்கல்லூரியில் இதைச் சொல்லித் தரவில்லையா? மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் 1939லேயே வந்தது. உங்கள் ஹார்வர்டு மையத்துக்கெல்லாம் முன்னால். அதை வைத்துத்தான் இந்த ஊர் காலராவைத் தாண்டியது.

கோவை கணக்கர்:
ஹார்வர்டு ஒரு வருஷக் கட்டணம் எவ்வளவு என்று யாராவது சொல்ல முடியுமா? என் பெண் கேட்கிறாள்.

குழித்துறைப் பயணி:
நான் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தேன்மொழி:
கோவை ஐயா, பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் இருக்கிறது, 1997லிருந்து எம்.பி.எச். நடத்துகிறார்கள். ஹார்வர்டுக்குப் போய்க் கடன்படத் தேவையில்லை.

ராயபுரத்தாருக்கு. 1939 சட்டத்தை நான் மதிக்கிறேன், அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள். ஆனால் 2020 ஜூலையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடித்தார்கள். உள்ளே எண்பது வயசு அம்மா, மகன், மருமகள். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கைகூட நுழையாது. பால் பாக்கெட்டை மாடியிலிருந்து கயிறு விட்டுத் தூக்கினார்கள். மூன்றாம் நாள் கேஸ் தீர்ந்தது. சிலிண்டர்க்காரர் தெருமுனையில் வைத்துவிட்டுப் போனார், யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் எதிர்வீட்டில் காய்ச்சல். அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை போட்டுப் படுத்துக்கொண்டார்கள், தகரத்துக்குப் பயந்து. பூட்டு நோயைப் பிடித்ததா, விட்டதா?

ராயபுரத்தான்:
தகரம் அடித்தது நான் இல்லை. 2017லேயே ஓய்வு பெற்றுவிட்டேன்.

தேன்மொழி:
உங்களைச் சொல்லவில்லை, சார். கதவைப் பூட்டத் தெரிந்தவன்தான் அதிகாரி என்று எழுதியது நீங்கள். அதைச் சொல்கிறேன்.

ராயபுரத்தான்:
எழுதினேன், இப்போதும் எழுதுகிறேன். காலரா வீட்டுக்கும் எச்.ஐ.வி.க்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை நான். ஆனால் தெருவில் நிற்கிறவன் சிராகூசா பார்த்துக்கொண்டிருந்தால் ராத்திரிக்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அப்புறம், அந்த சானடோரியம் சிறை இல்லை.

தேன்மொழி:
64 நாள் வாசலில் போலீஸ்.

டாக்டர் மருது:
நர்சிங் படித்தவர் எம்.பி.எச். முடித்தால் டாக்டரைவிட மேல் பதவி என்று எந்த ஆணையில் இருக்கிறது?

தேன்மொழி:
நான் எங்கே அப்படிச் சொன்னேன்?

ராயபுரத்தான்:
சானடோரியத்துக்குக் காவல் போடுவது வழக்கம்தான்.

தேன்மொழி:
எந்த ஊர் வழக்கம்? நாளைக்கு டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன். இழையை மூட வேண்டாம்.