ஃபெர்மாட்டா: நீட்டிப் பாடணுமா, மூச்சு மட்டும் எடுக்கணுமா?

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறேன். மொத்தம் 14 பேர். ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் அமைத்த நாலு குரல் கோரல் (சர்ச் கீதம்) ஒன்றை மூன்று வாரமாகப் பழகுகிறோம். 4/4 தாளம், வேகம் நிமிடத்துக்கு 72 அடி. ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தில் ஃபெர்மாட்டா இருக்கிறது, அதாவது வளைவும் அதற்குள் ஒரு புள்ளியும்; பொதுவாக சுரத்தை நீட்டச் சொல்லும் குறி. அந்த ஒரே இடத்தில்தான் பாட்டு சிதறுகிறது.

அந்தக் குறி தாளத்தின் மூன்றாம் அடியில் உள்ள ஒற்றை க்ராட்செட் (ஒரு அடி நீளச் சுரம்) மேல் நிற்கிறது. அடுத்த வரி நாலாம் அடியிலேயே தொடங்கிவிடும். இரண்டு மடங்கு நீட்டிப் பார்த்தோம், பாட்டு வரிக்கு வரி நின்று நின்று போகிறது. நீட்டாமல் மூச்சு மட்டும் எடுத்துப் பாடினோம். கேட்க அழகாக இருந்தது, ஆனால் மூத்தவர்கள் "குறி போட்டிருக்கே, நிறுத்தணும்ல" என்கிறார்கள். சரி என்று கையைக் காட்டி நிறுத்தினேன். டெனர்கள் (ஆண்களின் மேல் குரல்) முந்துகிறார்கள், ஆர்கன் பிந்துகிறது.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனி தொடக்கத்தில் இதே குறி வந்தால் நீட்ட வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. கோரலில் அது வரி முடிவதை மட்டும் காட்டுகிறது என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது, ஆனால் குழுவிடம் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வருகிற ஞாயிறு பாட வேண்டும். கோரல் பாடிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: வரி முடிவில் தாளத்தை நிறுத்துகிறீர்களா, இல்லை தாளம் விடாமல் மூச்சு மட்டும் எடுக்கிறீர்களா?