வியர்வையைத் தாங்கும் இயர்பட்ஸ், 2,000 ரூபாய்க்குள் எது?

கடலூர் வெள்ளிக் கடற்கரைப் பக்கம் தினமும் காலையில் ஓடுகிறேன். பொங்கலையொட்டி 1,300 ரூபாய்க்கு வாங்கிய இயர்பட்ஸில், ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வலப்பக்க ஒலி தேய்ந்து நின்றுவிடுகிறது. மறுநாள் காய்ந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் பாடுகிறது! சார்ஜ் பெட்டியின் முனைகளில் பச்சைப் பூச்சு வேறு. சித்திரை வெயில் ஏறியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. புளூடூத் 5.3, ஐபிஎக்ஸ்4 நீர்காப்புத் தரம்.

இணைப்பை அழித்து மறுபடி இணைத்தேன், வேறு போனில் பார்த்தேன், ஒலி வரும் வலையைப் பஞ்சால் துடைத்தேன், முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னபடி அரிசிப் பானையிலும் போட்டு வைத்தேன். சோறு கெடவில்லை, அவ்வளவுதான். ஈரம் புகுந்த பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்று சேவை மையம் கைவிரித்துவிட்டது.

ஐபிஎக்ஸ்4 என்பது சாதாரணத் தண்ணீர் தெறிப்புக்கான சோதனை. உப்பு வியர்வையும் கடற்காற்றும் அதில் சேராது. அதைவிட உயர்ந்த ஐபிஎக்ஸ்7 சோதனை கூட நல்ல தண்ணீரில்தான், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஆகவே பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி இன்னொன்று வாங்கத் தயக்கமாக இருக்கிறது.

இரைச்சல் நீக்கம் வேண்டாம். பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்க வேண்டும். காதை அடைக்காமல் கன்ன எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் வகை பிடித்திருக்கிறது, ஆனால் நல்லவை என் கைக்கு எட்டாத விலை. கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் கீழே விழாது என்பது அனுகூலம்.

கடலோர ஊரில் ஓட்டத்துக்குப் பயன்படுத்தி, ஒரு கோடையையாவது தாண்டிய மாடல் உங்களிடம் இருந்தால், அதன் பெயர் என்ன?