கனிமம் தேடப் போய்ப் பட்ட பாடு: கண்டெடுப்பது வேறு, கொண்டுவருவது வேறு

களப் புவியியலாளர்:
சாலையே இல்லாத மலைக்காட்டில் தங்கத்தின் தடயம் தேடும் வேலை. எங்களைத் திணறடித்தது பாறையல்ல, எடை. தங்கத்தின் ஒப்படர்த்தி, அதாவது நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு, 19.3; குவார்ட்ஸ் மணலுக்கு 2.65தான். ஆகவே ஓடையில் வேகம் தணியும் இடமாகப் பார்த்து, பெரிய பாறையின் பின்புறமும் அடிப்பாறையின் வெடிப்பிலும் தங்கம் போய் அடைந்துகொள்கிறது. ஒரே திட்டில் இரண்டு பை அள்ளினால் ஒன்றில் துகள் விழும், மற்றதில் ஒன்றுமே இராது. ஆய்வகத்திலோ பெரும்பாலும் 30 அல்லது 50 கிராமை மட்டும் உருக்கிப் பார்க்கிறார்கள். முடிவை நம்ப வேண்டுமானால் கிலோக்கணக்கில் அள்ள வேண்டும். அள்ளலாம், யார் சுமப்பது? சுமையைக் குறைக்கச் சல்லடையில் சலித்து நுண்மணலை மட்டும் எடுத்தால் பெரிய தங்கத் துகள்கள் மேலேயே நின்றுவிடும்.

அதனால் நான் ஒரு பங்கை ஓடையோரத்திலேயே தட்டில் அலசிவிடுவேன். கடைசிச் சுழற்சியில் கருமணல் வாலாக ஒதுங்கும். அதன் நுனியில் மஞ்சள் தெரிந்தால் உடனே துள்ள வேண்டாம். தட்டை நிழலுக்குக் கொண்டுபோங்கள். தங்கம்போல் ஏமாற்றும் பைரைட் என்ற கனிமத்தின் மினுக்கம் அங்கே செத்துவிடும், தங்கம் அதே மஞ்சளாக இருக்கும். ஊசியால் அழுத்தினால் தங்கம் நசுங்கும், பைரைட் நொறுங்கும்.

முகாம் சாமான் பொறுப்பாளர்:
அண்ணன் சொல்லும் சுமைக்கு ஹெலிகாப்டர் இருக்கிறதே என்பார்கள். உயரமும் வெயிலும் சேர்ந்தால் காற்று அடர்த்தி குறைந்துவிடும். காலையில் தூக்கிய சுமையை மதியம் பாதியாக்கச் சொல்வார் விமானி. அவர் பக்கம்தான் நியாயம்.

எங்களுக்கு வந்த சோதனை எரிபொருளில். முன்னால் போன குழு 200 லிட்டர் பீப்பாய்களை நிமிர்த்தியே நிறுத்திவிட்டுப் போயிருந்தது. மேல்தட்டைச் சுற்றி விளிம்பு உண்டல்லவா, மழைநீர் அதில் தேங்கும். பகல் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து கசியும். இரவுக் குளிரில் சுருங்கும்போது தேங்கிய நீரைத் திருகுமூடி வழியாக இழுத்துக்கொள்ளும். விமானி பீப்பாயின் அடியிலிருந்து கண்ணாடிக் குப்பியில் எடுத்துக் காட்டினார். கீழே நீர், மேலே எரிபொருள், நடுவே தெளிவான கோடு. பறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நல்ல எரிபொருள் வந்து சேரும்வரை சாப்பாட்டை அளந்து போட்டோம், மாதிரி மூட்டைகள் மழையில் கிடந்தன. பீப்பாயைப் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் எரிபொருளுக்குள் மூழ்கியிருக்கும்படி திருப்பிவைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு நிமிட வேலை!

மாதிரிகளைப் பதிவு செய்பவர்:
மழையில் கிடந்த அந்த மூட்டைகள் என் மேசைக்கு வரும்போது எப்படி இருக்கும் தெரியுமா? துணிப்பையின் வெளியே மையால் எழுதிய எண் நீலக் கறையாகிவிடும். எந்த ஓடை, எந்த வளைவு என்று தெரியாத மணல் வெறும் மணல்தான். எண் அழுத்திய அலுமினியத் துண்டு ஒன்றைப் பைக்குள்ளும் போட்டுவிடுங்கள், கோடிப் புண்ணியம்.

இன்னொன்று, மோதிரம். ஆய்வகம் தங்கத்தை நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் தேடுகிறது. விரலிலிருந்து உதிரும் தூளே இல்லாத சுரங்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் குழுவில் ஒரு புதுமாப்பிள்ளை மோதிரத்தைக் கழற்றவே மாட்டேன் என்றார். சரி என்று வரைபடத்தையும் பென்சிலையும் கையில் கொடுத்து உட்காரவைத்தோம். கடைசிவரை மணலைத் தொட விடவில்லை.