முடவாட்டுக்கால் வெட்டினதும் கறுக்குது: கண்டவங்க எழுதுங்க

கொல்லிச்சாரல்:
முடவாட்டுக்கால்னா மரத்துலயும் பாறையிலயும் ஒட்டி வளர்ற ஒரு பெரணியோட கிழங்கு, ஆட்டுக்காலுக்கு ஈடுன்னு சூப் வைப்பாங்க. அதைக் கொல்லிமலை செம்மேட்டுல வாங்கி, மலை இறங்கி, வீட்ல கத்தி வெச்சதும் வெட்டுவாய் நீலக்கறுப்பா மாறுது. அழுகலைத் தலையில கட்டிட்டாங்கன்னு நேரா குப்பைக்குப் போயிடுது. நல்ல கிழங்கு இப்படி வீணாகிறதைப் பார்த்தா வயிறு எரியுது. அது அழுகல் இல்லைங்க. இதுல டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் அதிகம். இரும்பு அரிவாள்மணை, பழைய இரும்புக் கத்தி, இரும்புச் சட்டி எது பட்டாலும் டானினும் இரும்பும் சேர்ந்து மைக்கறுப்பு ஆகும். எவர்சில்வர் கத்தி, மண்சட்டி இல்லன்னா குக்கர். அவ்வளவுதான் தீர்வு.

நிஜ அழுகல்னா கட்டைவிரலால அழுத்தினா உள்ள இறங்கும், செதிலோட தோலும் சேர்ந்து வழுக்கிட்டு வரும், புளிச்ச வாடை அடிக்கும். நல்லது கைக்குக் கனமா இருக்கும். குறுக்க வெட்டினா உள்ள வெளிறின பச்சை, அதுல வட்டமா புள்ளி வெச்ச மாதிரி நீர்க்குழாய்க் கற்றைகள் தெரியும். லேசா, சுருங்கிப் போனதை வாங்காதீங்க. வேகவே வேகாது, நார் மட்டும்தான் மிஞ்சும்.

வெட்டிவேர்:
பாதிதான் சொல்லியிருக்கீங்க. எவர்சில்வர் கத்தியில வெட்டினாலும் கொஞ்ச நேரத்துல செம்பழுப்பு ஏறுதே, அங்க இரும்பு எங்க இருந்து வந்தது? அது வேற வேலை. வெட்டுப்பட்ட இடத்துல நொதி வெளிய வந்து, காத்துபட்டு, கிழங்குல இருக்கிற ஃபீனால்ங்கிற பொருள்களைப் பழுப்பாக்குது. இரும்புக் கறுப்பு உடனே வரும், கோடு கோடா வரும். நொதிப் பழுப்பு மெதுவா, வெட்டுவாய் முழுக்கப் பரவும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணியிலயோ நீர்மோர்லயோ வெட்ட வெட்டப் போட்டுட்டா பழுப்பு நிக்கும். இரும்புக் கறுப்புக்குக் கத்தியை மாத்தறதுதான் வழி.

யாரும் கேக்கலைன்னாலும் சூப் விஷயத்தையும் சொல்லிடறேன், தப்பா செஞ்சுட்டு கசக்குதுன்னு திட்டறவங்க ஜாஸ்தி. நாலு பேருக்கு 150 கிராம் போதும். செதிலைச் சுரண்டறப்ப தண்ணிக்குள்ள வெச்சுச் சுரண்டுங்க. உலர்ந்து சுரண்டினா அந்தச் செம்பழுப்புத் தூள் பறந்து தொண்டையைக் கரகரன்னு பிடிக்கும். கிழங்கோட கண்ணுக்குழியில ஒட்டின செதிலைக் கத்தி நுனியால தோண்டி எடுங்க, இங்கதான் எல்லாரும் அவசரப்படறாங்க. மெல்லிசா வில்லை போட்டு, ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம், ஆறு பல் பூண்டு, பத்து சின்ன வெங்காயம், ஒரு தக்காளி எல்லாம் தட்டிப் போட்டு, ஒரு லிட்டர் தண்ணியில அஞ்சு விசில். அப்புறம் வடிகட்டணும். பச்சையா மிக்ஸியில அரைச்சுப் பிழியறாங்க சிலர். அதுல டானின் மொத்தமா இறங்கி நாக்கை இழுக்கும். வில்லையா வேகவெச்சா அந்தத் துவர்ப்பு குறைவு. கடைசியில நெய்யில தாளிச்சுக் கொட்டுங்க, சத்து நெய்யோடதான் இறங்கும்.

மரக்கிளை:
சூப்பை விடுங்கள். தோட்டத்து மாமரத்தில் இருந்த முடவாட்டுக்காலைப் 'புல்லுருவி, மரத்தைச் சாகடிக்கும்' என்று கோடரியால் கொத்தி எறிந்திருந்தார்கள். கீழே கிடந்தது இரண்டு முழ நீளக் கிழங்கு, கூட்டிலைகளோடு. புல்லுருவி மரத்துக்குள் உறிஞ்சி வேரை இறக்கி, அதன் நீரையே குடிக்கும். இது பட்டைமேல் தொற்றிக்கொள்கிற பெரணி, மரத்துக்குள் ஒரு வேரும் போகாது. பாறையிலும் வளர்கிறதே, பாறையிலிருந்து எதை உறிஞ்சும்?

இதற்கு இரண்டு விதமான இலை. ஒன்று காம்பில்லாமல் கிழங்கோடு ஒட்டி நிற்கும், அகலமான கூட்டிலை. முதலில் பச்சை, சீக்கிரமே காய்ந்து பழுப்பாகும், ஆனால் உதிராது. ஓரம் ஓக் இலை போல நெளிந்திருக்கும். 1753-இல் தாவரங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இதைப் பாலிபோடியம் குவெர்சிஃபோலியம் என்று எழுதியதே அந்த ஓரத்தை வைத்துத்தான். பிறகு டிரைனேரியா என்ற பேரினத்துக்குப் போய், இப்போது பல தாவரவியலாளர்கள் அக்லேயோமார்ஃபா பேரினத்தில் சேர்க்கிறார்கள். அடுத்தது நீண்ட காம்புள்ள பச்சை இலை, ஒரு மீட்டர் வரை போகும், ஆழமாகப் பிளந்திருக்கும். வித்துகள் (பெரணிக்கு விதைக்குப் பதிலான தூள்) இதன் அடியில் மட்டும். கோடையில் இதன் துண்டுகள் உதிர்ந்து நடு நரம்பு குச்சியாக நிற்கும். அதைப் பார்த்துச் செடி செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

அந்தக் கூட்டிலையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கைப்பிடி கைப்பிடியாகக் கறுத்த மட்கு, மாமர இலைச் சருகு, தூசி, எறும்பின் கழிவு. செடியின் வேர் அதற்குள்தான் பின்னிக் கிடக்கும். மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிறது. மரத்துக்குக் கெடுதலே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மழையில் அந்த மட்கு முழுக்க நனைந்தால் பாரம் கூடும், ஏற்கெனவே பூச்சி அரித்த கிளை ஒடியும். அப்படிப்பட்ட கிளையில் இருந்தால் மட்டும் எடுங்கள்.

பட்டைமருந்து:
@வெட்டிவேர், 'சத்து நெய்யோட இறங்கும்' என்பதை அப்படியே விட முடியாது. எந்தச் சத்து? காய்ந்த கிழங்கிலிருந்து பிரித்திருக்கிற பொருள்களில் ஃபிரீடலின், எபிஃபிரீடலினால், பீட்டா அமைரின், பீட்டா சிட்டோஸ்டெரால் இவை தண்ணீரில் கரையாத வகை. நீங்கள் சொல்லும் முறையில் கிழங்கை வடிகட்டி எறிந்த பிறகு நெய் ஊற்றுகிறீர்கள், அதில் எதுவும் இறங்காது. அவை வேண்டுமானால் வில்லையை முதலில் நெய்யிலோ எண்ணெயிலோ வதக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்போதும் கொஞ்சம்தான் வரும்.

தண்ணீரில் இறங்குவது நாரிஞ்சின். பம்பளிமாஸ் சுளைத்தோலின் கசப்பு இதுதான். நாரிஞ்செனின் என்ற பொருளோடு குளுக்கோஸ், ராம்னோஸ் என்ற இரண்டு சர்க்கரைகள் ஒட்டிய மூலக்கூறு. அந்த இரண்டு சர்க்கரையும் சேரும் இடம் மாறினால் அதே பொருள் கசப்பே இல்லாமல் போகும். குளிர்ந்த தண்ணீரில் அரிதாகவும் கொதிநீரில் நன்றாகவும் கரையும். அதனால்தான் ஊறவைத்த தண்ணீரை விடக் கொதித்த சாறு கசக்கிறது. கசப்பைக் கண்டு கஷாயம் கெட்டுவிட்டது என்று கொட்டுவது அறியாமை.

எலும்பு ஒட்டும், மூட்டு சரியாகும் என்று விற்கிறார்களே, அந்தச் சான்றில் பெரும்பங்கு இந்தச் செடியுடையதே அல்ல. சீன மருத்துவத்தில் 'குஸுயிபு' என்று வழங்கும் இதன் பங்காளி இனத்துடையது. சீன மருந்து நூல் அந்த உலர் கிழங்கில் நாரிஞ்சின் குறைந்தது 0.50 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. நம் கிழங்கை வைத்துச் செய்த வீக்கம், வலிச் சோதனைகள் பெரும்பாலும் எலியில், ஆல்கஹால் போன்ற கரைப்பானில் எடுத்த சாற்றில் செய்தவை. சூப்புக் கடையில் அந்தக் கரைப்பான் கிடையாது. ஆட்டுக்கால் சூப்புக்கு ஈடு என்கிற பேச்சும் அப்படித்தான். ஆட்டுக்காலில் இறங்குவது ஜெலட்டின், தாவரத்தில் அது இருக்கவே முடியாது.

இன்னொன்று: நாரிஞ்சின் இருப்பதால் கொழுப்பு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் தொடக் கூடாது. பம்பளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட் பழத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை இதற்கும் உண்டு.

துளிர்:
கடைசி வரி சரியில்ல சார். கிரேப்ஃப்ரூட் மாத்திரைகளோட மோதறதுக்கு முக்கியக் காரணம் அந்தப் பழத்துல இருக்கிற ஃபியூரனோகுமரின்ங்கிற பொருள்கள், பெர்கமாட்டின் மாதிரி. அதுதான் குடல்ல மருந்தைச் சிதைக்கிற சிஒய்பி3ஏ4 நொதியை முடக்குது. நாரிஞ்சினைக் குற்றவாளியாக்கினது பழைய கணக்கு. நாரிஞ்சின் தடுக்கறது வேற வழியை: ஃபெக்ஸோஃபெனாடின் மாதிரி சில அலர்ஜி மாத்திரை குடல்ல உறிஞ்சற அளவைக் குறைக்கும். அதை வெறும் தண்ணில, சூப்புக்குச் சில மணி நேரம் தள்ளிப் போடறது நல்லது. நிஜமா கவனிக்க வேண்டியது இரும்புச் சத்து மாத்திரை. மேல கத்தியைக் கறுப்பாக்கின அதே டானின் மாத்திரையோட இரும்பையும் பிடிச்சுக்கும், உடம்புல சேர்றது குறையும். ரத்தசோகைக்கு மாத்திரை எடுக்கிறவங்க கூடவே இதையும் குடிக்கிறது பலருக்கு உறைக்கல.

சல்லடை:
பொடிப் பாக்கெட் பத்தி யாரும் பேசல. ஒண்ணைப் பிரிச்சு வெள்ளைத் தாள்ல தூவி, நகை பார்க்கிற லென்ஸ் வெச்சுப் பார்த்ததுல பாதிக்குப் பாதி செம்பழுப்பு ஊசி ஊசியா செதில். சுரண்டாமலே காயவெச்சு அரைச்சிருக்காங்க. எடை கூடும், வேலை மிச்சம். குடிக்கிறவனுக்குத் தொண்டை அரிப்பு.

வீட்ல செய்றதா இருந்தா சுரண்டின கிழங்கை 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வில்லை போட்டு, ஒண்ணு மேல ஒண்ணு படாம நிழல்ல பரப்புங்க. வில்லை போடாம முழுக் கிழங்கா காயவெச்சா வெளிய தோல் இறுகி உள்ள ஈரம் நிக்கும், பூசணம் நடுவுலதான் பிடிக்கும், வெளிய தெரியாது. வில்லை ஒடிச்சா 'டக்'னு சத்தம் வரணும். வளைஞ்சா இன்னும் காயல. சீனால அந்தக் குஸுயிபுக் கிழங்குக்கு வேற வழி: சூடான மணல்ல போட்டு வறுப்பாங்க, கிழங்கு உப்பும், செதில் கருகிடும், தட்டினா உதிர்ந்துடும். சுரண்டவே வேணாம்.

கொல்லிச்சாரல்:
@துளிர் நல்ல விஷயம். @வெட்டிவேர் நொதி சரிதான், ஒத்துக்கறேன். மோர் மட்டும் வேணாம், சூப்புல புளிப்பு நிக்கும்.

மரக்கிளை:
எடுப்பதைப் பற்றியும் ஒன்று. கிழங்கை வேரோடு உரித்து இழுத்தால் அந்த மரத்தில் மறுபடி வராது. வித்திலிருந்து இந்த அளவுக்கு வளரப் பல வருஷம். வளர்நுனி உள்ள முன்பகுதியைக் கூட்டிலைகளோடு மரத்திலேயே விட்டு, பின்னால் இருக்கும் பழைய பாகத்தை மட்டும் அறுத்தால் செடி பிழைக்கும். காப்புக்காட்டில் இதுவும் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாத வனப்பொருள், அதை மறக்க வேண்டாம்.

வளர்க்க நினைத்தால் வளர்நுனியும் ஒரு கூட்டிலையும் உள்ள ஒரு சாண் துண்டு போதும். மழை தொடங்கும்போது சொரசொரப்பான மா அல்லது பலா மரக் கவட்டையில் வைத்து, அடியில் தென்னை நார் கொடுத்து, சணலால் கட்டுங்கள். நைலான் கயிறு கிழங்கை அறுக்கும். தொட்டியில் மண்ணுக்குள் புதைத்தால் செதிலுக்குள் தண்ணீர் தங்கிச் சீக்கிரமே குழைந்துவிடும்.

துளிர்:
சப்போட்டா மரத்துல கட்டலாமா?

மரக்கிளை:
கட்டலாம், பட்டை சொரசொரப்புதான். கொய்யாவில் வேண்டாம், பட்டை உரிந்துகொண்டே இருக்கும், வேர் பிடிக்காது.